பேக்கிங் மாற்றியும் சத்தம் போகவில்லையா? பழைய வண்டிக்கு எக்ஸாஸ்ட் கேஸ்கெட் தேர்ந்தெடுக்கும் வழி

“பேக்கிங் மாத்தியாச்சு, ஆனா சத்தம் போகலை.” பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்பார்கள். பேக்கிங் என்று நாம் சொல்வது, எஞ்சினும் எக்ஸாஸ்ட் பைப்பும் சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வளையத்தைத்தான். கடைக்குப் போய் வண்டியின் பெயரைச் சொல்கிறோம். கடைக்காரர் ஆணியில் தொங்கும் கொத்திலிருந்து ஒரு வளையத்தை உருவித் தருகிறார். புது வண்டிக்கு அது போதும். முப்பது வருஷம் ஓடிய வண்டியில் பென்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) இரண்டு முறை மாறியிருக்கும், ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) லேத்தில் கொடுத்து முகம் சீவியிருப்பார்கள், ஒரிஜினல் ஃபிளேஞ்ச் (பைப்பை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும் தகடு) எங்கே போனது என்றே தெரியாது. பெயர் அதேதான், அளவுதான் வேறு. அதனால் நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: அறிகுறியை வைத்துக் கசிவுதானா என்று உறுதி செய்வது, பிறகு இணைப்பை அளப்பது, கடைசியாகத்தான் கடைக்குப் போவது.

நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நான்கு வண்டிகளை வைத்துப் பேசுகிறேன்: திருவொற்றியூரில் செய்த காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட், மைசூர் யெஸ்டி 250, 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, அதே வருஷம் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100.

உங்கள் வண்டியின் இணைப்பு எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கேஸ்கெட் வாங்கக் கூடாது. சிடி 100, ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் பென்ட் பைப்பின் முனையில் ஒரு ஃபிளேஞ்ச் இருக்கும், இரண்டு பக்கமும் இறுக்கினால் உள்ளே இருக்கும் வளையம் நசுங்கி அடைத்துக்கொள்ளும். யெஸ்டியில் ஃபிளேஞ்சைப் பிடிக்கும் ஸ்டட் (எஞ்சினில் பதிந்து நிற்கும் மரைக் கம்பி) கிடையாது. சிலிண்டரின் இரண்டு எக்ஸாஸ்ட் வாயிலும் மரை இருக்கும், பெரிய வளைய நட் ஒன்று பைப்பை அழுத்திப் பிடிக்கும், அந்த நட்டுக்குள்தான் கேஸ்கெட். காஸ்ட் அயர்ன் புல்லட்டில் இரண்டுமே இல்லை. பென்ட் பைப் ஹெட்டுக்குள் நேராகச் சொருகி நிற்கிறது. இறுக்க நட்டும் இல்லை, நசுங்க வளையமும் இல்லை. அந்தப் புல்லட்டுக்கு எக்ஸாஸ்ட் கேஸ்கெட் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம், அதற்கான வழியைக் கீழே தனியாகச் சொல்கிறேன். 2009-ல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கின் எஞ்சின் வேறு, அதில் ஸ்டட்டும் கேஸ்கெட்டும் உண்டு.

அறிகுறி: காலையில் ‘டிக் டிக்’, சூடானதும் நின்றுவிடுகிறது

சின்னக் கசிவின் கையெழுத்து இது. குளிர்ந்திருக்கும்போது இருக்கும் மயிரிழை இடைவெளி, உலோகம் விரிந்ததும் மூடிக்கொள்கிறது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் அலுமினிய ஹெட்டில் இது நன்றாகத் தெரியும்.

இதைத்தான் பலர் டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று நினைத்து டேப்பெட்டைத் திருகிக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் பிரிப்பது கடினமில்லை. டேப்பெட் சத்தம் வண்டி சூடானாலும் போகாது, எஞ்சின் வேகத்துக்கு ஏற்பக் கூடும், குறையும், அவ்வளவுதான். கசிவுச் சத்தம் பாரத்துக்கு ஏற்ப மாறும். பின்னால் ஆள் ஏற்றி மேம்பாலம் ஏறும்போது ‘டிக்’ என்பது ‘டப்’ ஆகிறதா? அது பேக்கிங்தான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டேப்பெட் மூடியில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாலும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

உறுதிப்படுத்த ஊதுபத்தி போதும். வண்டியை வெளியே, காற்று வீசாத இடத்தில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஓட விடாதீர்கள், கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பெட்ரோல் டேப்பிலும் கார்புரேட்டரிலும் சொட்டு ஈரம்கூட இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊதுபத்தியைக் கொளுத்த வேண்டும். ஈரம் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, ஊதுபத்தியை இணைப்பைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். நேராக எழும் புகைக் கோடு ஓர் இடத்தில் வந்ததும் விட்டு விட்டு வெளிப்பக்கம் தள்ளப்படும். மேலேயா, கீழேயா, ஸ்டட்டுக்கு நடுவிலா என்பதைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தள்ளினால் கேஸ்கெட் தடிமன் போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் ஃபிளேஞ்ச் வளைந்திருக்கிறது, அல்லது பைப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

ஊதுபத்தியில் தெரியாத அளவு சின்னக் கசிவுக்குச் சோப்புத் தண்ணீர். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் (புல்லட், சிடி 100) பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலன்சரின் பின்வாயில் ஒரு சின்ன ப்ளோயரை வைத்து ஊதி, இணைப்பில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

அறிகுறி: ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் ‘பட் பட்’

புல்லட்காரர்கள் சிலர் இதை ரசிக்கிறார்கள். ரசிக்க வேண்டிய சத்தம் அல்ல. வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை மூடும்போது பைப்புக்குள் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. இணைப்பில் இடைவெளி இருந்தால் அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. எரியாமல் வந்த பெட்ரோல் கலவையோடு அது சூடான பைப்பில் சேர்ந்து வெடிக்கிறது.

கார்புரேட்டரின் ஐட்லிங் கலவை மெலிந்திருந்தாலும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருந்தாலும்) இதே சத்தம் வரும். அதனால் வரிசை முக்கியம். முதலில் கசிவை அடையுங்கள், பிறகும் வெடித்தால் கலவையைச் சரி செய்யும் ஏர் ஸ்க்ரூவைத் தொடுங்கள். தலைகீழாகச் செய்தால், கசிவை மறைக்கக் கலவையைக் கெட்டியாக்கி வைத்திருப்பீர்கள். பிறகு ஒருநாள் பேக்கிங்கைச் சரி செய்ததும் வண்டி பிளக்கைக் கருப்பாக்கும், ஏன் என்றே தெரியாது.

அறிகுறி: இணைப்பைச் சுற்றிக் கருப்பு எண்ணெய் வடிகிறது

இது இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் (யெஸ்டி, ஆர்எக்ஸ் 100) வழக்கு. எரியாத 2டி ஆயில் கார்பனோடு சேர்ந்து தார் போல் வடிந்து சிலிண்டர் ஃபின்னில் ஒட்டிக்கொள்ளும். பார்க்க அசிங்கமாக இருப்பதைவிட, எஞ்சினின் இழுவை குறைவதுதான் பெரிய நஷ்டம். இரண்டு ஸ்ட்ரோக்கில் பைப்புக்குள் ஓடும் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே தப்பிப் போகும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. ஆர்எக்ஸ் 100-இன் அந்தப் பிக்கப்பில் பைப்புக்கும் பங்கு உண்டு. வாயிலேயே கசிந்தால் அந்த அலை வலுவிழந்துவிடும்.

இந்த வண்டிகளில் கேஸ்கெட்டின் உள்விட்டத்தைக் கவனிக்க வேண்டும். வெளிவிட்டம் சரியாக உட்கார்ந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறோம். உள்விட்டம் போர்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் துளை) வாயைவிடச் சிறியதாக இருந்தால் ஒரு விளிம்பு ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் கார்பன் படியும், வாய் குறுகும். கேஸ்கெட்டைப் போர்ட்டில் வைத்து விரலால் உள்ளே தடவுங்கள். படி போல் தட்டக் கூடாது. இம்மி பெரிதாக இருப்பது பரவாயில்லை, சிறிதாக இருப்பது ஆகாது.

யெஸ்டியில் எண்ணெய் வடிந்தால் கேஸ்கெட் வாங்குவதற்கு முன் வளைய நட்டைப் பாருங்கள். அது அதிர்வில் தானாகத் தளரும். அதன் பள்ளங்களில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கும் பழக்கம் நிறைய யெஸ்டிகளைக் கெடுத்திருக்கிறது. பள்ளம் சிதைந்து, நட் கோணலாக ஏறி, கடைசியில் சிலிண்டரின் மரையே தேய்ந்துவிடும். நட் போனால் வேறு நட் வாங்கலாம், சிலிண்டர் மரை போனால் லேத்காரரிடம் பற்றவைத்து மரை வெட்டத்தான் வேண்டும். ஒரு சி-ஸ்பானர் (வளைய நட்டின் பள்ளத்தில் மாட்டும் கொக்கி ஸ்பானர்) வாங்கி வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கேஸ்கெட் போட்டு இறுக்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டி, கை வைக்கும் அளவு ஆறியதும் மறுபடி இறுக்குங்கள். கொஞ்சம் நகரும். நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை. அதற்குப் பிறகும் தளர்ந்தால் கேஸ்கெட் தடிமன் போதாமல் நட் மரையின் கடைசி வரை வந்து முட்டுகிறது என்று அர்த்தம்.

இதோடு, வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கிளட்ச் பக்கத்து ஆயிலின் அளவும் குறைகிறதா? அப்படியானால் கிராங்க் ஆயில் சீல் (கிளட்ச் பக்கத்து ஆயில் எஞ்சினுக்குள் போகாமல் தடுக்கும் வளையம்) போயிருக்கிறது. எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் எண்ணெய் வடிவது நிற்காது. சீலை மாற்றிவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

அறிகுறி: புதுக் கேஸ்கெட் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை

எங்கள் வீட்டு சிடி 100 அப்பா 1989-ல் வாங்கியது. அதில் ஒரே மாதத்தில் மூன்று கேஸ்கெட் மாற்றினோம். மூன்றும் நல்ல சரக்கு. ஒவ்வொரு முறையும் நான்கைந்து நாள் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி ‘டப் டப்’. கடைசியில் பைப்பைக் கழற்றி, ஹெட்டின் வாயில் டார்ச் அடித்து, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பார்த்தேன். கரி படிந்த சுவரில் நகம் அளவுக்கு ஒரு கோடு வட்டமாக ஓடியது. சைக்கிள் ஸ்போக்கின் முனையைக் கொக்கி போல் வளைத்து அந்தக் கோட்டில் மாட்டி இழுத்தேன். கருகிப்போன ஒரு செம்பு வளையம் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று, அப்பளம் போல் தட்டையாகி ஹெட்டோடு ஹெட்டாக ஒட்டியிருந்தது. அதைப் பெயர்த்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. யாரோ எப்போதோ பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று முறையும் அந்தக் கரடுமுரடான குப்பை மேல்தான் புதுக் கேஸ்கெட்டை உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். அன்று சுத்தமான தளத்தில் வைத்த நான்காவது கேஸ்கெட்தான் இன்றுவரை இருக்கிறது.

ஆகவே, திரும்பத் திரும்பக் கசிந்தால் முதல் சந்தேகம் பழைய வளையம். போர்ட்டின் அடித்தளம் பளபளப்பான ஹெட் உலோகமாகத் தெரியும்வரை நம்பாதீர்கள். அலுமினியத்தைக் கீறாமல் இருக்க மூங்கில் குச்சியும் பித்தளை பிரஷும் போதும். எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், துகள் உள்ளே விழக் கூடாது.

இரண்டாவது சந்தேகம் ஃபிளேஞ்ச். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் தூக்கினால் வளைந்திருக்கிறது. யாரோ ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த நட்டுக்குப் போனதன் விளைவு இது. இரண்டையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றித்தான் இறுக்க வேண்டும். ஃபிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாகக் குறைய வேண்டும்.

மூன்றாவது, மாட்டும் வரிசை. சைலன்சரின் பின் பிராக்கெட்டை முதலில் இறுக்கிவிட்டு முன்னால் வந்தால், பைப் எந்நேரமும் கேஸ்கெட்டை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டிருக்கும். எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி வையுங்கள், ஹெட் பக்கத்தை இறுக்குங்கள், கடைசியாகப் பின்பக்கம். பிராக்கெட் ஓட்டை போல்ட்டுக்கு நேராக வரவில்லையென்றால் பைப்பை இழுத்துப் பொருத்தாதீர்கள், வாஷர் வைத்துச் சரி செய்யுங்கள்.

அளப்பது எப்படி

மூன்று அளவு வேண்டும்: போர்ட் பள்ளத்தின் விட்டம், அதுதான் கேஸ்கெட்டின் வெளிவிட்டம். பைப்பின் உள்விட்டம், கேஸ்கெட்டின் உள்விட்டம் அதற்குக் குறையக் கூடாது. மூன்றாவது, தடிமன். முதல் இரண்டுக்கும் வெர்னியர் (விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) இருந்தால் ஒரு நிமிஷம். தடிமனில்தான் எல்லோரும் தவறுகிறோம், ஏனென்றால் அந்த இடத்துக்குள் வெர்னியர் போகாது.

இதற்கு நான் பயன்படுத்துவது சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்து, முறுக்குத் தடிமனில் கயிறாக உருட்டி, எண்ணெய் தொட்டுப் போர்ட் பள்ளத்தில் வட்டமாக வையுங்கள். கேஸ்கெட் இல்லாமல் பைப்பை மாட்டி, ஃபிளேஞ்ச் ஹெட்டைத் தொடும்வரை கையால் நட்டை ஏற்றுங்கள். கழற்றினால் மாவு நசுங்கி நாடா போல் இருக்கும். பிளேடால் நான்கு இடத்தில் குறுக்கே வெட்டித் தடிமனை அளங்கள். நான்கும் ஒன்றாக இருந்தால் தளம் நேராக இருக்கிறது. மேலே 3 மி.மீ., கீழே 4 மி.மீ. என்று வந்தால் கோணல், அதை எந்தக் கேஸ்கெட்டும் சரி செய்யாது. கிடைத்த அளவைவிடக் கேஸ்கெட் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய தகடுக்குள் நார் வைத்த கேஸ்கெட் நன்றாக நசுங்கும், அதற்கு முக்கால் மி.மீட்டரிலிருந்து ஒரு மி.மீ. வரை கூடுதல் தேவை. கெட்டிச் செம்பு அவ்வளவு நசுங்காது, கால் மி.மீ. போதும். இறுக்கி முடித்த பிறகும் ஃபிளேஞ்ச் ஹெட்டைத் தொடாமல் மெல்லிய இடைவெளியோடு நிற்பதுதான் சரி. தொட்டுவிட்டால் அழுத்தம் முழுவதும் ஃபிளேஞ்சில் போய்விடும், கேஸ்கெட் சும்மா உட்கார்ந்திருக்கும்.

தடிமன் போதவில்லையென்றால் இரண்டு கேஸ்கெட்டை அடுக்காதீர்கள். தடிமனான ஒன்றைத் தேடுங்கள், அல்லது அளவைக் கொடுத்து லேத்தில் செம்பு வளையம் கடைந்து வாங்குங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடப் போகும்போது பழைய வளையத்தைச் சாம்பிளாக நம்பாதீர்கள், அது நசுங்கிப்போன அளவு. எழுதிய மூன்று எண்ணும் கையில் ஒரு வெர்னியரும் இருந்தால் கடைக்காரரே ஆர்வத்தோடு நான்கு பெட்டியைத் திறந்து காட்டுவார். வேறு வண்டியின் கேஸ்கெட் உங்கள் அளவுக்குப் பொருந்தினால் தாராளமாகப் போடலாம்.

செம்பா, நாரா, அலுமினியமா?

தளம் சுத்தமாகவும் நேராகவும் இருந்தால் என் தேர்வு கெட்டிச் செம்பு. 1,085 டிகிரி சென்டிகிரேடில்தான் உருகும், பல வருஷம் உழைக்கும், கழற்றி மறுபடி போடலாம். ஆனால் ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், அப்படியே போட்டால் அடைக்காது. கம்பியில் மாட்டி அடுப்பு நெருப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போடுங்கள். எஃகு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். மேலே படியும் கருப்பைப் புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி வந்துவிடும். உள்ளே நார் வைத்த கேஸ்கெட்டுக்கு இதைச் செய்யக் கூடாது.

தளத்தில் சின்னச் சின்னப் பள்ளம் இருந்தால் கிராஃபைட் கலந்த கேஸ்கெட் நல்லது, பள்ளத்துக்குள் பாய்ந்து அடைக்கும். ஒருமுறைதான் பயன்படும். அலுமினிய வளையம் 660 டிகிரியில் உருகும், எக்ஸாஸ்ட் வாயில் அதை நான் வைப்பதில்லை. சிவப்பு சிலிகான் பேஸ்ட்டும் அப்படித்தான், ஹெட் அருகே இருக்கும் சூட்டுக்கு அது தாங்காது. சைலன்சரின் பின் இணைப்புக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்டாக்கில் கிடைக்கும் சாம்பல் நிற நார் வைத்த கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஒரிஜினல் என்று ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். வண்டியில் ஏற்கெனவே இருந்தால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். தண்ணீரில் நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு எடுத்து, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள்.

காஸ்ட் அயர்ன் புல்லட்: சொருகும் பைப் ஆடினால்

பைப்பை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹெட்டுக்குள் கடகடவென்று ஆடினால் முனை தேய்ந்து சிறுத்திருக்கிறது. நல்ல வழி, லேத்காரரிடம் கொடுத்து முனையை உள்ளிருந்து விரிக்கச் சொல்வது. சிறிது சிறிதாக விரித்து, கையால் தள்ளினால் போகாமல் மரச் சுத்தியலால் தட்டினால் போகும் அளவில் நிறுத்த வேண்டும். அதிகமாக விரித்த பைப்பை அடித்து ஏற்றினால் ஹெட் வாய் விரிசல் விடும்.

அதுவரை ஓட்டியாக வேண்டுமென்றால், கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி ஒரு பட்டையாகப் பைப் முனையில் ஒரு சுற்றுச் சுற்றிச் சொருகலாம். அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ. தான் இருக்கும். அலுமினியம் என்பதால் நாளடைவில் அரித்துப் போகும், செம்புத் தகடு கிடைத்தால் அது மேல். அதன் மேல் எக்ஸாஸ்ட் பேஸ்ட் தடவி, பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். இந்தப் பேஸ்ட் காய்ந்தால் சட்டிபோல் ஆகிவிடும், பைப் ஆடினால் நொறுங்கும். அதனால் சைலன்சரைச் சேஸியோடு பிடிக்கும் பிராக்கெட்டுகள் எல்லாம் கெட்டியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பேஸ்ட்.

அறிகுறி: நட் சுற்றுகிறது, இறுகவில்லை

இங்கே கேஸ்கெட்டை மறந்துவிட்டு ஸ்டட்டைப் பாருங்கள். சிடி 100-இன் ஸ்டட் 6 மி.மீ. தான், பத்தாம் நம்பர் ஸ்பானரால் இறுக்கும் நட். அதற்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், நீளமான ஸ்பானரில் முழுக் கையால் இழுத்தால் ஹெட்டிலிருக்கும் அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். உரிந்திருந்தால் அந்த ஓட்டையில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகப் பொருத்தும் கம்பிச் சுருள்) போடுவதுதான் வழி. துருப்பிடித்த ஸ்டட்டை ஒரே மூச்சில் கழற்றப் பார்க்காதீர்கள். முந்தின நாளே துரு ஆயில் அடித்து ஊறவிட்டு, மறுநாள் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, ஆயில் காய்ந்து புகை அடங்கிய பிறகு, சூடு இருக்கும்போதே துணி சுற்றிய கையோடு கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி எடுங்கள். திரும்ப மாட்டும்போது பித்தளை நட்டும் மரையில் கொஞ்சம் செம்புக் கிரீஸும் போட்டால் அடுத்த முறை கழற்றுபவருக்கு அது முறியாமல் வரும்.